60 செ.மீ. தொட்டியில் கடல்நீர்: வெறும் கண்ணாடியிலிருந்து முதல் மீன் வரை

சின்னத் தொட்டி என்றால் வேலையும் சின்னது என்று நினைத்து 20, 30 லிட்டரில் தொடங்குபவர்கள் அதிகம். கடல்நீரில் அந்தக் கணக்கு எடுபடாது. 20 லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டர் ஆவியானால் உப்பளவு 35 பிபிடியிலிருந்து 36.8-க்கு ஏறிவிடும். அதே ஒரு லிட்டர் 75 லிட்டரிலிருந்து போனால் 35.5-ஐக்கூடத் தொடாது. (பிபிடி என்பது ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு என்ற அளவு. கடலின் சராசரி 35.) புதிதாகத் தொடங்குபவர் சமாளிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு எது என்றால், எங்கள் பதில் 60 × 40 × 40 செ.மீ. தொட்டி. பதிவு முழுக்க அந்த ஒரே அளவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வேறு அளவு வைத்திருப்பவர்கள் எண்களை அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

தொட்டி, இடம், எடை

கண்ணாடி 8 மி.மீ. வெளி அளவுப்படி 96 லிட்டர். ஆனால் விளிம்புக்குக் கீழே 4 செ.மீ. விட்டு, மணலும் பாறையும் போட்டபின் நிற்கும் தண்ணீர் 75 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். உப்போ அம்மோனியாவோ, எதைக் கணக்கிட்டாலும் 75-ஐ வைத்துத்தான். 96-ஐ வைத்துப் போட்டால் எல்லாமே கால் பங்குக்கு மேல் கூடிப்போகும்.

தண்ணீர், பாறை, மணல், கண்ணாடி சேர்ந்து 115 கிலோவைத் தாண்டும். ஸ்டாண்டையும் சேர்த்தால் 140-க்கு மேல். சட்டம் இல்லாத தொட்டியின் அடியில் ஃபோம் ஷீட் கட்டாயம். ஸ்டாண்டின் மேற்பலகையில் ஒரு மணல் துகள் இருந்தாலும் அடிக்கண்ணாடியில் அந்த ஒரு புள்ளியில் அழுத்தம் சேரும். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஓரங்களில் டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரிந்துவிடும். உப்பு கலந்த பிறகு கண்டுபிடித்தால் உப்பும் வீண், தரையும் வீண்.

வெயில் நேரடியாக விழும் ஜன்னலோரம் வேண்டாம். மின்சாரப் பிளக் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக்கூடாது. ஒவ்வொரு வயரும் பிளக்கை விடக் கீழே தொங்கி, பிறகு மேலேறிச் சொருகப்பட வேண்டும். அப்போதுதான் வயர் வழியாக வழியும் துளி, பிளக்கிற்குள் போகாமல் தாழ்ந்த வளைவில் சொட்டும். உப்புநீர் நன்னீரைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும் என்பதால் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாத இணைப்பில் இந்தத் தொட்டியை ஓட்டவே கூடாது.

பணம் எதில் போக வேண்டும்

பட்ஜெட் குறைவென்றால் விளக்கிலும் ஸ்கிம்மரிலும் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) குறையுங்கள், தண்ணீரில் குறைக்காதீர்கள். ஆர்ஓவுக்குப் பின் டிஐ ரெசின் (மிச்சமிருக்கும் அயனிகளைப் பிடித்துவைக்கும் பிசின்) வைத்த வடிகட்டி, டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டுவது), ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலை வைத்து உப்பளவைக் காட்டுவது) ஆகிய மூன்றும்தான் அடிப்படை. குழாய்த் தண்ணீரில் இருக்கும் சிலிகேட், பாஸ்பேட், நைட்ரேட் எல்லாம் பாசிக்கு உரம். செம்புக் குழாயிலிருந்து வரும் செம்பு, நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு. டிஐ தாண்டி வரும் தண்ணீரில் டிடிஎஸ் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. குடிநீருக்காக வீட்டில் மாட்டும் ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில் கடைசியில் தாது சேர்க்கும் கேட்ரிட்ஜ் உண்டு. அந்தத் தண்ணீர் குடிக்க நல்லது, இதற்கு ஆகாது.

ரிஃப்ராக்டோமீட்டரைச் சுத்த நீரில் 0 வைத்துச் சரிசெய்தால் போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். 0-வில் சரியாக இருக்கும் கருவி 35-இல் 2, 3 பிபிடி தவறாகக் காட்டலாம். 35 பிபிடி கரைசலை வைத்துச் சரிசெய்வதே முறை. அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: 0.01 கிராம் காட்டும் தராசில் 3.65 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடு, 96.35 கிராம் டிஐ நீர். இந்தக் கரைசலின் ஒளிவிலகல் 35 பிபிடி கடல்நீரின் ஒளிவிலகலுக்குச் சமம். மலிவான முள் ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டினால் கூடுதலாகவும், உப்பு படிந்தால் குறைவாகவும் காட்டும்.

மற்றவை சுருக்கமாக. ஹீட்டர் 75 வாட். தெர்மோஸ்டாட் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்வதுதான் ஹீட்டர்களின் வழக்கமான கோளாறு. பெரிய வாட் வாங்கினால் அப்போது தொட்டி வேகமாக வெந்துவிடும். முடிந்தால் வெளியே தனியாக ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வையுங்கள். வேவ் மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) மணிக்கு 1,500 முதல் 2,500 லிட்டர் வரை, வேகம் மாற்றக்கூடியதாக. நீலம் அதிகமுள்ள எல்இடி விளக்கு, டைமருடன். ஸ்கிம்மர் இந்த அளவுக்கு அவசியமில்லை. வாரம் தவறாமல் 10 சதவீதம் தண்ணீர் மாற்றத் தயாரென்றால் அது இல்லாமலே ஓட்டலாம். அறை வெப்பம் 28 டிகிரிக்கு மேல் போகும் இடங்களில் ஹீட்டரைவிட மின்விசிறிதான் முக்கியம். நீர்ப்பரப்பின்மேல் வீசும் சிறிய விசிறி 2, 3 டிகிரி குறைக்கும். கூடவே ஆவியாதலையும் ஏறக்குறைய இரட்டிப்பாக்கும் என்பதை மறக்கக்கூடாது.

பாறை முதலில், மணல் பிறகு

உலர்ந்த பாறை 9 கிலோ போதும். கண்ணாடியிலிருந்து எல்லாப் பக்கமும் 5 செ.மீ. தள்ளி அடுக்கினால் பாசி சுரண்டும் காந்தம் தடையில்லாமல் போய்வரும். பாறையை வெறும் அடிக்கண்ணாடியில் உட்காரவைத்து, அதைச் சுற்றித்தான் மணல் கொட்ட வேண்டும். மணலுக்குமேல் அடுக்கினால், குழி தோண்டும் கோபி மீனோ இறாலோ ஒரு இரவில் அடியைத் துருவிவிடும், பாறை சரிந்து கண்ணாடியில் விழும். பொருத்துகளில் சூப்பர் க்ளூ ஜெல்லும் அக்வேரியம் எபாக்சியும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். தனித்தனியாக இரண்டுமே பாறையின் எடையைத் தாங்காது.

உயிருள்ள பாறை (கடல் உயிர்கள் குடியிருக்கும் பாறை) கிடைத்தால் நுண்ணுயிர் வகைகள் கூடும், ஆனால் கொட்டும் அனிமோன், பூச்சி, பாசி எல்லாம் இலவச இணைப்பாக வரும். தொடக்கத்துக்கு உலர்ந்ததே நிம்மதி. ஒரு எச்சரிக்கை: யாரோ பயன்படுத்திய பாறையைக் கிருமி நீக்குவதாக நினைத்துக் கொதிக்க வைக்காதீர்கள். அதில் பாலிதோவா வகைப் பவளம் ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு ஆவியோடு கலந்து, வீட்டிலிருப்பவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். அந்தப் பவளத்தைக் கையுறை, கண்பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வெட்டுவதும் கூடாது.

மணல் அராகனைட் (ஒரு சுண்ணாம்புக் கனிமம்), 1 முதல் 2 மி.மீ. துகள், 3 செ.மீ. உயரத்துக்கு 10 கிலோ. மாவு போன்ற நுண்மணல் அழகாகத்தான் இருக்கும், வேவ் மேக்கரைப் போட்டதும் பனிமூட்டமாகிவிடும். நீர் தெளியும் வரை வாளியில் அலசுங்கள். நிரப்பும்போது மணல்மேல் ஒரு தட்டு வைத்து அதன்மேல் ஊற்றினால் கலக்கம் குறையும்.

உப்பு கலப்பது

75 லிட்டருக்கு ஏறக்குறைய 2.8 கிலோ உப்புக் கலவை, அதாவது லிட்டருக்கு 37 கிராம். பிராண்டுக்குப் பிராண்டு ஈரம் மாறும் என்பதால் முதலில் 2.5 கிலோ போட்டு, அளந்து, மீதியைச் சேர்ப்பது நல்லது. சமையல் உப்பு உதவாது. அதில் கால்சியம், மெக்னீசியம், கார்பனேட் எதுவும் தேவையான அளவில் இல்லை.

தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. அடர்த்தியான கரைசல் ஒரு நிமிடம் உருவானாலும் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாக வீழ்ந்துவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. வாளியில் தண்ணீர், 25 டிகிரி, உள்ளே ஓடும் பம்ப், ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு. நீர் கண்ணாடிபோல் தெளிந்து, உப்பளவு 35, அதாவது 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026, வந்தபிறகு தொட்டிக்குள் ஊற்றலாம். உப்பு வாளியைத் திறக்குமுன் படுக்கவைத்து நாலு முறை உருட்டுங்கள். வண்டியில் வரும்போது குலுங்கிக் கனமான துகள்கள் அடியில் சேர்ந்திருக்கும். மேலே அள்ளுவதும் அடியில் அள்ளுவதும் ஒரே கலவையாக இருக்காது.

மீன் இல்லாமல் சைக்கிளிங்

மீன் கழிவிலிருந்து அம்மோனியா. அதை ஒரு பாக்டீரியாக் கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்கும். இந்தக் கூட்டங்கள் பாறையிலும் மணலிலும் குடியேற 3 முதல் 6 வாரம் ஆகும். இதற்குத்தான் சைக்கிளிங் என்று பெயர். டாம்செல் மீனை விட்டு இதைச் செய்வது பழைய பழக்கம். மீனுக்குக் கொடுமை என்பது ஒருபுறம் இருக்க, அந்த முரட்டு மீனைப் பிறகு பிடித்து வெளியே எடுக்கப் பாறை முழுவதையும் கலைக்க வேண்டியிருக்கும்.

அம்மோனியம் குளோரைடு போதும். 4.7 கிராமை 100 மி.லி. டிஐ நீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 மி.லி. ஊற்றினால் 75 லிட்டரில் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) ஆகும். வாசனையோ சோப்போ கலந்த துப்புரவு அம்மோனியா வேண்டாம். 5 பிபிஎம்மைத் தாண்டினால் பாக்டீரியாவே மந்தமாகும், ஆகவே 'சீக்கிரம் முடியட்டும்' என்று மூன்று மடங்கு ஊற்றுவது நேர்மாறாகத்தான் முடியும். பாட்டிலில் வரும் பாக்டீரியாவை முதல் நாளே சேர்த்தால் ஓரிரு வாரம் மிச்சமாகலாம். விளக்கை அணைத்தே வையுங்கள், இல்லையென்றால் பாக்டீரியாவுக்கு முன் பாசி குடியேறும். வெப்பம் 26, 27 டிகிரி, வேவ் மேக்கர் முழு நேரமும் ஓட வேண்டும்.

முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். நைட்ரைட் உச்சத்தில் இருக்கும்போது நைட்ரேட் டெஸ்ட்டை நம்பாதீர்கள். பெரும்பாலான கிட்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கின்றன, அதனால் இருக்கும் நைட்ரைட்டையும் சேர்த்து எக்கச்சக்கமாகக் காட்டும். 'நைட்ரேட் 100' என்று பதறி ஒரே வாரத்தில் மூன்று முறை தண்ணீர் மாற்றுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். உண்மைக் கணக்கு எளிது. 2 பிபிஎம் அம்மோனியா முழுதும் மாறினால் ஏறக்குறைய 7 பிபிஎம் நைட்ரேட். நான்கு முறை ஊற்றியிருந்தால் 30-ஐ ஒட்டி இருக்கும், அதற்கு மேல் வர வழியில்லை.

அம்மோனியா 0.5-க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த 10 மி.லி. காலையில் ஊற்றியது மறுநாள் காலைக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகிவிட்டால் சைக்கிள் முடிந்தது. பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைப் பாதியாக்குங்கள். கடல்நீரில் குளோரைடு நிறைய இருப்பதால் நைட்ரைட் நன்னீரில் போல மீனை உடனே கொல்வதில்லை. அம்மோனியா அப்படியல்ல. பிஎச் ஒரு புள்ளி ஏறினால் நச்சு வடிவ அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும், கடல்நீரின் பிஎச் 8.1-ஐ ஒட்டியது. நன்னீர்த் தொட்டியில் தாங்கிய அளவு இங்கே தாங்காது.

பழுப்பு வாரங்கள்

விளக்கை ஏற்றிய சில நாளில் மணலும் பாறையும் பழுப்புத் தூள் பூசியதுபோல் ஆகும். அது டயாட்டம் என்ற ஒருசெல் பாசி. புதிய மணலிலும் பாறையிலும் இருக்கும் சிலிகேட்டைத் தின்று முடித்ததும் தானாகப் போய்விடும். அதைத் துரத்த மருந்து ஊற்றுவது வீண்செலவு. பிறகு பச்சை நார்ப்பாசி, சில தொட்டிகளில் செங்கருமை நிறத்தில் போர்வைபோல் படியும் சயனோபாக்டீரியா. விளக்கை நாளுக்கு 6 மணி நேரமாகக் குறைத்து, கையால் பிடுங்கி, தண்ணீர் மாற்றும்போது உறிஞ்சி எடுங்கள்.

இங்கே செய்யக்கூடாதது, பாசிக்குப் பயந்து பாஸ்பேட் உறிஞ்சிகளைக் கொட்டி எல்லாவற்றையும் 0 ஆக்குவது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லாத புதுத் தொட்டியில்தான் டைனோஃபிளஜெலேட் என்ற ஒருசெல் உயிரி தலையெடுக்கிறது. குமிழிகளோடு சளிபோல் தொங்கும், சில வகைகள் நத்தையைக் கொல்லும், விரட்ட மாதங்கள் ஆகும். நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

டயாட்டம் தெரிந்தபின் துப்புரவுப் பட்டாளம். டிரோக்கஸ் நத்தை 3, செரித் 4, நாசேரியஸ் 2. துறவி நண்டு இரண்டு போதும், அவற்றுக்குக் கொஞ்சம் பெரிய காலி ஓடுகளும் போட வேண்டும், இல்லையென்றால் நத்தையைக் கொன்று ஓட்டைப் பிடுங்கிக்கொள்ளும். டிரோக்கஸை விரும்பக் காரணம், கவிழ்ந்தால் தானே நிமிரும்.

நத்தையும் இறாலும் உப்பளவு மாற்றத்தைத் தாங்காதவை. காற்றுக்குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு நொடிக்கு 2, 3 சொட்டு வீதம், பையிலுள்ள நீர் இரட்டிப்பாகும் வரை விடுங்கள். மீனுக்கு இந்த நீண்ட சொட்டு முறை ஆபத்து. நெடுநேரம் மூடியிருந்த பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால் அங்குள்ள அம்மோனியா அதிகம் நச்சில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா நஞ்சாகும். எனவே மூடிய பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், திறந்து, உப்பளவை அளந்து, உடனே மாற்ற வேண்டும். பை நீர் 28 பிபிடி என்றால் தனிமைத் தொட்டியையும் (புது மீனை முதலில் தனியாக வைக்கும் தொட்டி, அடுத்த பகுதியில் வரும்) 28-இல் வைத்து, நாளுக்கு 1, 2 பிபிடி ஏற்றுங்கள்.

முதல் மீனும் தனிமைத் தொட்டியும்

வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணியான கிரிப்டோகேரியான், மீனோடு ஒருமுறை முதன்மைத் தொட்டிக்குள் வந்தால் மணலிலும் பாறையிலும் கூடு கட்டிவிடும். பிறகு எல்லா மீன்களையும் வெளியே எடுத்துத் தொட்டியை 11 வாரம் மீனில்லாமல் வைக்க வேண்டும். செம்பு மருந்தை உள்ளேயே ஊற்றலாமே என்றால், அது நத்தை, இறால், பவளம் அனைத்தையும் கொன்றுவிடும், பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே 40 லிட்டர் வெறுந்தொட்டி ஒன்று தனியாக: ஹீட்டர், முதன்மைத் தொட்டியில் ஊறவைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டு. மணல் கூடாது. புது மீன் 4 வாரம் அங்கே.

75 லிட்டருக்கு ஓசெல்லாரிஸ் கோமாளி மீன் ஒரு சிறிய ஜோடி, ஒரு வாட்ச்மேன் கோபி. அவ்வளவுதான். கோமாளி மீன்களைச் சிறியதாகவே, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரியதாக வாங்கினால், பெரியது பெண்ணாக மாறும், சண்டை குறையும். பண்ணையில் பிறந்தவை கிடைக்கின்றன, அவைதான் நல்ல தேர்வு. அனிமோன் இல்லாமலே நிம்மதியாக வாழும். ஒரு வயதாகாத தொட்டியில் அனிமோன் வைப்பது பெரும்பாலும் அதைச் சாகடிப்பதில்தான் முடியும். நீல டாங் மீன் 30 செ.மீ. வரை வளரும், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மாண்டரின் மீன் நாள் முழுக்க நுண்ணிறால்களைக் கொத்தித் தின்பது, புதுத் தொட்டியில் பட்டினியில் மெலிந்து போகும். தொட்டிமேல் 6 மி.மீ. கண் வலை போடுங்கள். கோபி குதிக்கும், கண்ணாடி மூடி வெப்பத்தையும் கரியமில வாயுவையும் அடைத்து வைக்கும்.

தினமும் குறையும் தண்ணீர்

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். குறைந்ததை எப்போதும் டிஐ நீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அல்ல. நாளுக்கு 1.5 லிட்டர் போகிறது என்றால், மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 35 என்பது 37.2 ஆகும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி அந்தக் கோட்டை தினமும் எட்ட வைப்பதே போதுமான முறை.

தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப் வாங்கினால் அதன் மிதவை ஸ்விட்சில் ஒரு நாள் நத்தை உட்காரும் என்று வைத்துக்கொண்டே சேமிப்பு வாளியின் அளவைத் தீர்மானியுங்கள். இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் ஏறக்குறைய 2.25 லிட்டர், விளிம்புக்குக் கீழே விட்ட 4 செ.மீ. 9 லிட்டர் தாங்கும். 5 லிட்டர் வாளி முழுதும் கொட்டினாலும் தரை நனையாது, உப்பளவும் 33-ஐ ஒட்டி நிற்கும். மீன் பிழைக்கும். 20 லிட்டர் வாளி வைத்தால் இரண்டுமே கேள்விக்குறி.

வாரத்துக்கு 7.5 லிட்டர் மாற்று நீர், ஏறக்குறைய 280 கிராம் உப்பு. முந்தின நாளே கலந்து, வெப்பமும் உப்பளவும் தொட்டியோடு ஒத்துப்போனபின் ஊற்றுங்கள். உறிஞ்சத் தொடங்குமுன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்குங்கள். நீர் இறங்கி ஹீட்டர் வெளியே தெரிந்தால் சூடேறி, புது நீர் பட்டதும் வெடிக்கும். பிஎச் 7.8 என்று காட்டினால் பஃபர் தூளைத் தேடி ஓடாமல் ஜன்னலைத் திறந்து பாருங்கள். மூடிய அறையில் சேர்ந்த கரியமில வாயுதான் பெரும்பாலும் காரணம். காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (கார்பனேட் காரத்தன்மையை அளக்கும் அலகு) இருக்கும் வரை பிஎச் எண்ணைத் துரத்தத் தேவையில்லை.

பவளம் மூன்று மாதத்துக்குப் பிறகு, முதலில் காளான் பவளமும் சோவாந்திடும் (பொத்தான்போல் கூட்டமாக வளரும் பவள வகை உயிர்). கடினப் பவளங்கள், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. பல நாடுகளில் பவளம் வைத்திருப்பதற்கே தனிச் சட்டம் உண்டு, வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனால் முதலில் தீர்வது வெப்பம் அல்ல, பிராணவாயு. அதே வெப்பத்தில் கடல்நீர் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும். பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றைத் தொட்டியருகிலேயே மாட்டி வையுங்கள். மின்சாரம் வரும்வரை உணவு போடாதீர்கள். பேட்டரி இல்லையென்றால் ஒரு குவளையில் மொண்டு, உயரத்திலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை ஊற்றுவதும் வேலை செய்யும்.